திருப்பூர்த் தம்பிக்கு: 16 லட்சத்துக்கு வரும் 320டி

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சொந்தமாக நிட்டிங் யூனிட். இப்போது கையில் இருப்பது ஒரு டீசல் எஸ்யூவி. கோவையில் ஒரு புரோக்கரிடம் 2016 மாடல் பிஎம்டபிள்யூ 320டி வந்திருக்கிறது, 82,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது ஓனர், 16 லட்சம் சொல்கிறார்கள். "வாங்கலாமுங்களா அண்ணா? வாங்குனா நாம வண்டிய ஓட்டுவமா, வண்டி நம்மள ஓட்டிருமா?"

வாங்கலாம் தம்பி. ஆனால் கையில் 16 லட்சம்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். 19 இருந்தால் 16க்கு வாங்குங்கள். மிச்சம் மூன்றும் வண்டிக்கான பணம்தான், இன்னும் செலவாகவில்லை, அவ்வளவுதான். முதல் ஒன்றரை வருடத்தில் அதில் பாதியாவது போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகாவிட்டால் லாபம்.

இதை உங்கள் தொழிலிலிருந்தே சொல்லலாம். துணி பின்னும் ஜெர்மன் சர்க்குலர் மெஷினை செகண்ட்ஸில் எடுத்து ஓட்டுகிறவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர். பழைய மேயர் மெஷின் பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காக அதன் நீடில், சிங்கர் போன்ற உதிரிகளும் பாதி விலைக்கு வருவதில்லை. நீடில் ஆயிலில் மிச்சம் பிடிக்கப் போய், துணியில் கோடு விழுந்து, பார்ட்டி ரோலைத் திருப்பி அனுப்பிய கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார் கதையும் அதேதான். இந்த வண்டி புதிதாக வந்தபோது 40 லட்சத்தையொட்டிய வண்டி. பத்து வருடத்தில் விலை 16க்கு இறங்கிவிட்டது. அதன் இன்ஜெக்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது இன்னும் 40 லட்ச வண்டியின் இன்ஜெக்டர்தான்.

சரி, வண்டிக்கு வருவோம். உங்களுக்கு வந்திருப்பது எஃப்30 என்கிற தலைமுறை. 2012ல் இந்தியாவுக்கு வந்தது, 2019ல் ஜி20 என்கிற அடுத்த தலைமுறை வரும்வரை விற்றது. இங்கே ஓடும் பெரும்பாலான வண்டிகள் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டியவை. இந்த எஃப்30க்குள்ளேயே இரண்டு டீசல் இன்ஜின் இருக்கிறது என்பதுதான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் வந்தது என்47, 184 குதிரைத்திறன். 2016 தொடக்கத்தில் முகம் மாற்றி வந்த மாடலில் பி47, 190 குதிரைத்திறன். வெளியிலிருந்து பார்த்தால் விளக்கிலும் பம்பரிலும்தான் வித்தியாசம். ஆனால் 2015ல் தயாராகி 2016ல் பதிவான வண்டியும் இருக்கும், அதைப் புரோக்கர் "2016 மாடல்" என்றுதான் சொல்வார். சேஸிஸ் நம்பரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று தெரிந்துவிடும்.

என்47 மேல் ஏன் இவ்வளவு பயம் என்றால், அதன் டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற சங்கிலி, இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கையே போகாது. செயினும் கைடும் டென்ஷனரும் என்ன விலையோ, அதற்கு நிகராகக் கூலியும் வரும். தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டி, ஓடும்போது அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. பி47லும் செயின் பின்னால்தான், ஆனால் அந்தக் கோளாறு பெருமளவு சரிசெய்யப்பட்டுவிட்டது.

இதை நான் பணம் கொடுத்துப் படித்தவன். என் முதல் 320டி 2013 வண்டி, பெங்களூரில் ஒரு புரோக்கரிடம் எடுத்தது. வண்டியைப் பார்க்கப் போனபோது மதியம் ஒரு மணி. ஏ.சி. போட்டுத் தயாராக நிறுத்தியிருந்தார். எனக்கு நல்ல மரியாதை என்று தோன்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை பீளமேட்டில் எங்கள் பட்டறை முன்னால் ஸ்டார்ட் செய்தேன். டீசல் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். தகரத்தில் கம்பியை இழுத்த மாதிரி ஒரு சரசரப்பு, மூன்று நாலு நொடி, அப்புறம் இல்லை. எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின் பின்பக்கத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு "மறுக்கா அடிங்க" என்றார். அடித்தேன். ஸ்க்ரூடிரைவரை என் காதுக்கு மாற்றினார். உள்ளே யாரோ சாவிக்கொத்தைக் குலுக்குகிற மாதிரி இருந்தது. "சைக்கிள் செயின் லூஸானா காவர்ல உரசுமில்லைங்க, அதுதானுங்க" என்றார். வண்டி ஒன்றரை மாதம் பட்டறையில் நின்றது. செலவு ஆறு இலக்கம். பெங்களூர்க்காரர் போன் எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆக உங்களுடையது பி47 என்றால் மேலே பேசலாம். என்47 என்றால், செயின் மாற்றிய பில் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

பி47க்கும் ஒரு பலவீனம் உண்டு, அது ஈ.ஜி.ஆர். கூலர். புகையின் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிற சின்ன ரேடியேட்டர் அது. அதில் கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து, சூட்டில் பற்றிக்கொள்கிற ஆபத்து இருக்கிறது என்று 2018ல் பல நாடுகளில் பிஎம்டபிள்யூ லட்சக்கணக்கான டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தென்கொரியாவில் ரோட்டிலேயே எரிந்த வண்டிகள் பெரிய செய்தியாயின. சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் கொடுத்தால், இந்த வண்டிக்கு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா, இதுவரை எத்தனை கிலோமீட்டரில் எப்போதெல்லாம் உள்ளே வந்தது என்று பார்த்துவிடலாம். வண்டி விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போனால் விவரம் சுலபமாகக் கிடைக்கும். அந்தக் கணக்கோடு மீட்டர் 82,000 பொருந்துகிறதா என்று பாருங்கள். மீட்டரில் எண்ணைக் குறைத்தாலும் வண்டிக்குள் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் கிலோமீட்டர் பதிந்திருக்கும், நல்ல ஸ்கேனரில் அகப்படும். ஸ்கேனர் இல்லாமலும் கொஞ்சம் தெரியும். 82,000 ஓடிய வண்டியில் ஸ்டீயரிங் தோல் வழுவழுவென்று மின்னக்கூடாது, பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் மழுங்கியிருக்கக் கூடாது.

பத்து வருடத்தில் 82,000 என்பது குறைவான ஓட்டம். அதை நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ரேஸ்கோர்ஸ் வரை, ரேஸ்கோர்ஸிலிருந்து கிளப் வரை என்று ஓடிய டீசல் வண்டியில் கரி அதிகம் சேரும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுவார்கள். அதே வண்டி வாரம் ஒருமுறை சேலம் போய்வந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடியிருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பிஎஸ்-6 என்கிற புது மாசு விதிப்படி வந்த டீசல் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதில் டிபிஎஃப் என்று புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது, அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசலை மறந்துவிட்டு பெட்ரோல் பாருங்கள்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு ஸ்பீடு. இந்த வண்டியின் பாதி சுகம் அதில்தான். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளில் ஒருமுறை ஓட்டினால் புரியும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை இறக்கி வைத்திருக்கும், வெளியே வரும்போது பின் சக்கரம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளும். எஸ்யூவி ஓட்டிப் பழகியவருக்கு முதல் நாளே வித்தியாசம் தெரியும், நாம் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, வண்டிக்குள் இருக்கிறோம் என்று. ஆனால் ஒரு பொய் இதைச் சுற்றி உலவுகிறது. கியர் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. யார் வாழ்நாள் என்பதுதான் கேள்வி. உங்கள் வண்டிக்கு இரண்டு கணக்கும் வந்துவிட்டது. ஆயில் தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும், தட்டையே மாற்ற வேண்டும். வாங்கியதும் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது வேலை இன்ஜின் ஆயில். டாஷ்போர்டு இருபதாயிரத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு ஐரோப்பாவின் குளிருக்கும் ஆட்டோபானுக்கும் சரி. சித்திரை வெயிலில் காந்திபுரம் சிக்னலில் நிற்கிற வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஆயில் டப்பாவில் பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்ற அங்கீகாரம் இருக்க வேண்டும். பிராண்ட் எதுவானாலும் சரி. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

பாகங்கள் பற்றி ஒரு விஷயம், இதில்தான் பணம் மிச்சமாகும். பிஎம்டபிள்யூ எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. முன் சஸ்பென்ஷன் ஆர்ம் அதைச் செய்கிற லெம்ஃபோர்டர் கம்பெனியின் பெட்டியில் வந்தால் ஒரு விலை, நீல வெள்ளைச் சின்னம் போட்ட பெட்டியில் வந்தால் இன்னொரு விலை. ஃபில்டர் மான் அல்லது மாலே, இன்ஜெக்டர் பாஷ். அந்தப் பெட்டியில் வாங்குங்கள். அதற்கும் கீழே இறங்கி, பெயர் தெரியாத பெட்டியில் வாங்காதீர்கள். முன் ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, உள்ளே எண்ணெய் நிரப்பியது. நம் ரோட்டுக்கு அது சீக்கிரம் கிழிந்து ஒழுகும். 80 வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று டிஸ்க்கை மாற்றச் சொல்வார்கள். முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

இப்போது டயர். பெரும்பாலும் ரன்ஃபிளாட் இருக்கும், காற்று முழுக்கப் போனாலும் 80 வேகத்துக்கு மேல் போகாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். பொள்ளாச்சி தாண்டி வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசியில் ஏதோ ஒன்றில் பஞ்சர் என்றால் அதன் அருமை தெரியும். விலை சாதாரண டயரை விட நன்றாகவே கூடுதல், பக்கச் சுவர் கெட்டியாக இருப்பதால் சின்னப் பள்ளமும் இடுப்பு வரை வரும். எங்கள் பக்கம் பலர் சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் ஒரு ஸ்டெப்னியும் காற்று பம்பும் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். மாறுவதானால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், இரண்டு அது இரண்டு இது என்று கலக்காதீர்கள். பின் சக்கர இழுவை என்பதால் பின் டயர் முதலில் தேயும்.

பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஜாக்கி வைக்க அடியில் நான்கு இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அதை விட்டுவிட்டு ஓரத் தகட்டில் ஜாக்கியை ஏற்றி, என் வண்டியின் இடது பக்கத் தகடு அப்பளம் மாதிரி மடங்கியது. பையன் தப்பில்லை, அவன் தினமும் தூக்குவது வேறு வண்டிகள்.

ஊருக்குள் ரோடு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹைவேயும் அவிநாசி ரோட்டுப் புதுப் பாலமும் இந்த வண்டிக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பல்லடத்திலிருந்து உள்ளே திரும்பியதும் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை, வெள்ளைக் கோடு கூட இருக்காது. முடிந்த இடத்தில் கொஞ்சம் கோணலாக ஏற்றி இறக்குங்கள். மழை நாளில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் முன்னால் பஸ் போய்விட்டது என்று பின்னாலேயே போகாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கை கொடுக்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

வண்டி எங்கே நிற்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. தோட்டத்து வீடு என்றால் இரண்டு எதிரி. ஒன்று எலி. ஒரு வயரைக் கடித்தால் போதும், எந்த வயர் என்று தேடுவதற்குள் ஒரு வாரம் போகும். தென்னை ஓலைச் சாளை பக்கத்தில் நிறுத்தாதீர்கள், மாதம் இரண்டு முறையாவது பானட்டைத் திறந்து பாருங்கள். இன்னொன்று மயில். சிரிக்காதீர்கள். கறுப்பு வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தினால், கதவில் தெரிகிற தன் உருவத்தை இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்தும். என் மச்சான் வண்டியின் கதவு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. துணி உறை போட்டு வையுங்கள். அப்புறம், போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடாதீர்கள், உப்புத் திட்டு கண்ணாடியில் ஏறினால் போகாது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் என்ன, சிறுவாணித் தண்ணீர் கூட வேண்டாம். அந்த நீலக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி, வேறு எதுவும் இல்லை.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மாற்றினால் புதுப் பேட்டரி வந்துவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய கிழவனுக்குச் சோறு ஊட்டுகிற மாதிரியே புதியதையும் சார்ஜ் செய்து சீக்கிரம் கொன்றுவிடும். தெருமுனை பேட்டரிக் கடையில் இதைச் செய்ய மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், வண்டி தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். கோவையில் ஜெர்மன் வண்டி மட்டும் பார்க்கிற தனிப் பட்டறைகள் இருக்கின்றன. போய் நின்று பாருங்கள். எத்தனை 3 சீரிஸ் லிஃப்டில் நிற்கிறது, கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்களா, முறுக்குக்கு அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் எடுக்கிறார்களா இல்லை கை பலத்திலேயே முறுக்குகிறார்களா. என் வழி, ரீகாலும் எலெக்ட்ரானிக்ஸும் என்றால் கம்பெனி சர்வீஸ், ஆயிலும் சஸ்பென்ஷனும் பிரேக்கும் வெளிப் பட்டறை.

வருடத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். இன்ஷூரன்ஸும் டீசலும் போக, என் நோட்டில் ஒரு வருடம் நாற்பதாயிரத்தோடு முடிந்திருக்கிறது. டயரும் சஸ்பென்ஷனும் ஒன்றாக வந்த வருடம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மாதம் பத்தாயிரம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அப்போது தாண்டுகிற வருடமும் வலிக்காது. டீசல் பற்றிக் கவலை வேண்டாம், நிதானமாகப் போனால் ஹைவேயில் 17, 18 கொடுக்கும்.

கணக்கில் 16 ஒத்துவரவில்லை என்றால் புரோக்கர் டெல்லி வண்டி ஒன்று காட்டுவார். பத்து வருடம் ஆன டீசல் வண்டிக்கு டெல்லியில் தடை என்று வந்ததிலிருந்து அங்கத்திய வண்டிகள் மலிவாக இங்கே வந்தன. அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபடி கட்ட வேண்டிய ஆயுள் வரி, நம் நம்பர் வாங்கும் அலைச்சல் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மலிவு கரைந்துவிடும். புதுச்சேரி நம்பருக்கும் அதே எச்சரிக்கை. டிஎன் 37, 38, 66 என்று இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டி என்றால் பழைய ஓனரையே போய்ப் பார்த்துப் பேசலாம், நம் ஊரில் இரண்டு போனில் சொந்தம் பிடித்துவிடலாம். லோன் முடிந்திருந்தால் ஆர்.சி.யில் கடனை நீக்குகிற ஃபாரம் 35ம் பேங்க் கடிதமும் கையில் வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

ஆக இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது. முந்தின நாள் இரவு புரோக்கருக்குப் போன் செய்து, "காலையில் வருகிறேன், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க" என்று சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு ஏழரைக்குப் போய் நில்லுங்கள். வண்டியைச் சுற்றி வராதீர்கள், சீட்டில் உட்காராதீர்கள், நேராகப் போய் பானட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிவிடுங்கள்.